குறைந்த செலவில் ரேஸ் கார்: கேம்ஷாஃப்ட் தேர்வும் இசியு மாற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ரோடு காரை வாங்கி, உள்ளே இருக்கும் சீட்டு, கார்ப்பெட் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு) மாட்டி சர்க்யூட்டில் ஓட்டுகிறவர்களுக்கான பக்கம் இது. நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்று வைத்துக்கொண்டுதான் பதில்களை எழுதியிருக்கிறேன். கேமை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டை) வாங்கும் நாளிலேயே, அந்த இன்ஜினை எந்த இசியு (பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) ஓட்டப்போகிறது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக யோசித்தால் செலவு இரட்டிப்பாகும், கார் பாதி வேலையில் நிற்கும்.

கேமை மாற்றினால் இன்ஜினுக்குள் என்னதான் மாறுகிறது?

வால்வு எப்போது திறக்கிறது, எவ்வளவு உயரம் திறக்கிறது, எப்போது மூடுகிறது என்ற மூன்றும் மாறுகின்றன. மூன்றிலும் அதிகம் கவனிக்க வேண்டியது இன்டேக் வால்வு மூடும் நேரம். பிஸ்டன் கீழ் முனையைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அதிக ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) காற்று வேகமாக ஓடிவருவதால், பிஸ்டன் மேலே ஏறினாலும் அது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் நன்றாக நிரம்பும். குறைந்த ஆர்பிஎம்மில் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. உள்ளே வந்ததில் ஒரு பங்கை பிஸ்டன், காற்று வந்த குழாயான மேனிஃபோல்டுக்கே திருப்பித் தள்ளிவிடும். பெரிய கேம் போட்ட கார் மேலே பறப்பதும் கீழே இருமுவதும் இதனால்தான்.

கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் விகிதம்) குறைவான இன்ஜினில் பெரிய கேம் போட்டு ஏமாந்துபோவதற்கும் இதே காரணம். வால்வு தாமதமாக மூடும்போது, பிஸ்டன் உண்மையில் அழுத்தத் தொடங்கும் தூரமே குறைந்துவிடுகிறது. சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷனை ஏற்றாமல் 9:1 இன்ஜினில் பெரிய டூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம்) உள்ள கேமைப் போட்டால், கீழே இழந்ததற்கு மேலே கிடைப்பது ஈடாகாது.

கேம் கார்டில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

கேமோடு வரும் அளவுச் சீட்டுதான் கேம் கார்டு. ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம். இன்டேக் வால்வு மேல் உச்சிக்கு 20 டிகிரி முன்பு திறந்து, கீழ் முனைக்கு 60 டிகிரி பின்பு மூடுகிறது என்று கார்டில் இருக்கிறது. டூரேஷன் 20 + 180 + 60 = 260 டிகிரி. இது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) டிகிரி. கேம், கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது என்பதால் கேமில் அளந்தால் 130 வரும். கார்டில் எப்போதும் கிராங்க் கணக்குதான் இருக்கும்.

எக்ஸாஸ்ட் வால்வு கீழ் முனைக்கு 60 டிகிரி முன்பு திறந்து மேல் உச்சிக்கு 20 டிகிரி பின்பு மூடினால், அதுவும் 260. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப் 20 + 20 = 40 டிகிரி. இன்டேக் லோபின் (கேமில் வால்வைத் தள்ளும் மேடு) நடு உச்சி 260-இல் பாதியான 130-இலிருந்து 20-ஐக் கழித்தால் வரும் 110. எக்ஸாஸ்ட்டுக்கும் அதே 110. இரண்டின் சராசரிதான் லோப் செபரேஷன். இங்கே 110 டிகிரி. டூரேஷனை மாற்றாமல் இந்த எண்ணைக் குறைத்தால் ஓவர்லாப் கூடும். 104 முதல் 108 வரை ரேஸ் கேம்களின் குணம். 112-க்கு மேல் போனால் ஐட்லிங் அமைதியாகும், இசியுவுக்கும் வேலை சுலபம்.

லிஃப்ட்டில், அதாவது திறக்கும் உயரத்தில், ஒரு சிறு குழப்பம் வரும். கார்டில் இருப்பது லோப் லிஃப்ட்டா, வால்வு லிஃப்ட்டா என்று பாருங்கள். ராக்கர் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் நெம்புகோல்) உள்ள இன்ஜினில் லோப் லிஃப்ட்டை ராக்கர் ரேஷியோவால் பெருக்க வேண்டும். கேம் நேராக பக்கெட்டை (வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் கிண்ணம்) அழுத்தும் இன்ஜினில் இரண்டும் ஒன்றே.

இரண்டு கம்பெனிகளும் 280 டிகிரி என்கின்றன. ஒன்று சாது, இன்னொன்று முரடு. ஏன்?

எந்த உயரத்திலிருந்து அளக்கத் தொடங்கினார்கள் என்பதில் இருக்கிறது வித்தியாசம். விளம்பரத்தில் வரும் டூரேஷனுக்கு எல்லோரும் ஒரே அளவுகோலைப் பின்பற்றுவதில்லை. 1 மி.மீ. லிஃப்ட்டில் அல்லது 1.27 மி.மீ. (0.050 அங்குலம்) லிஃப்ட்டில் அளந்த டூரேஷனைக் கேட்டு வாங்கி, அதை மட்டும் ஒப்பிடுங்கள். அந்த எண்ணைத் தர மறுப்பவரிடம் கேம் வாங்காதீர்கள்.

என் காருக்கு எவ்வளவு பெரிய கேம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் கேம் கேட்டலாக்கில் கிடைக்காது, உங்கள் கியர்பாக்ஸில் கிடைக்கும்.

7000 ஆர்பிஎம்மில் கியர் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கியர் ரேஷியோ 1.9, மூன்றாவது 1.3, நான்காவது 0.97. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியதும் ஆர்பிஎம் 7000 × 1.3 ÷ 1.9, அதாவது சுமார் 4800-க்கு இறங்கும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது சுமார் 5200. நேர்சாலையில் உங்கள் இன்ஜின் வாழும் வீடு 4800-க்கும் 7000-க்கும் நடுவில். 5500-க்கு மேல்தான் உயிர் வரும் கேமை இதில் போட்டால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கார் தூங்கி எழும்.

அடுத்து, சர்க்யூட்டின் மிக மெதுவான வளைவிலிருந்து எந்த கியரில் எத்தனை ஆர்பிஎம்மில் வெளியே வருகிறீர்கள் என்று பாருங்கள். ரோடு கார் கியர்பாக்ஸில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி பெரிது. ஆகவே இரண்டாவதிலேயே 3500-இல் வெளியே வர வேண்டியிருக்கும். அங்கே டார்க் இல்லையென்றால், அந்த வளைவில் இழக்கும் நேரத்தை நேர்சாலையின் கடைசியில் கிடைக்கும் சில குதிரைசக்தி திருப்பித் தராது.

என் முடிவு இதுதான்: மனசுக்குப் பிடித்த கேமிலிருந்து ஒரு படி கீழே இறங்கி வாங்குங்கள். க்ளோஸ் ரேஷியோ (கியர்களுக்கு நடுவே இடைவெளி குறைவான) கியர்பாக்ஸ் வாங்கப் பணம் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. மணிக்கணக்கில் ஓடும் எண்டியூரன்ஸ் ரேஸ் என்றால் இது இன்னும் உறுதி. நடுத்தரமான கேம் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், ஸ்பிரிங்கை வதைக்காது, டிரைவர் களைத்துப்போய் தப்பான கியரில் வளைவிலிருந்து வெளியே வந்தாலும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்ஜின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். 1.6 லிட்டரில் முரடாக இருக்கும் அதே கேம், 2.0 லிட்டரில் சாதுவாக நடந்துகொள்ளும்.

புதுக் கேம் வாங்க வேண்டுமா? மலிவான வழி உண்டா?

முதலில் உங்கள் இன்ஜின் குடும்பத்திலேயே தேடுங்கள். ஒரே பிளாக்கில் சாதா மாடலும் ஸ்போர்ட் மாடலும் வந்திருந்தால், ஸ்போர்ட் மாடலின் கேமும் ஸ்பிரிங்கும் பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கலாம். கம்பெனியே லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று செய்த பொருள், நம்பி மாட்டலாம்.

இரண்டாவது வழி ரீகிரைண்ட். உங்கள் பழைய கேமையே அரைத்து வேறு வடிவம் கொடுப்பார்கள். உலோகத்தைச் சேர்க்க முடியாது என்பதால் லோபின் அடிவட்டத்தைச் சிறிதாக்கித்தான் லிஃப்ட்டைக் கூட்டுவார்கள். பக்கெட் இன்ஜினில் 1 மி.மீ. கூடுதல் லிஃப்ட் வேண்டுமென்றால் அடிவட்டத்தின் ஆரம் 1 மி.மீ. குறையும்; அந்த இடைவெளியை நிரப்பத் தடிமனான ஷிம் (சிறு இடைத்தகடு) வேண்டும். அது கிடைக்குமா என்று கேட்டுவிட்டு கேமைக் கொடுங்கள். அரைத்த பிறகு கடினப்படுத்திய மேல்பரப்பு மிச்சமிருக்கிறதா என்பதையும் அரைப்பவரிடம் கேளுங்கள். அது போய்விட்டால் சில ரேஸிலேயே லோப் தேய்ந்து உருண்டையாகிவிடும்.

வால்வு பிஸ்டனில் இடிக்குமா?

அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. லிஃப்ட்டைப் பார்த்து இதை யூகிக்கவே கூடாது. முழு லிஃப்ட்டில் வால்வு நிற்கும்போது பிஸ்டன் வெகு கீழே இருக்கும். ஆபத்து ஓவர்லாப் நேரத்தில்தான்: மேல் உச்சிக்கு 10 டிகிரி முன்பாக எக்ஸாஸ்ட் வால்வும், 10 டிகிரி பின்பாக இன்டேக் வால்வும் பிஸ்டனுக்கு மிக அருகில் வரும்.

குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேல் வால்வு வரும் இடத்தில் களிமண்ணை ஒரு விரல் தடிமனுக்கு அப்புங்கள். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே இரண்டு சொட்டு எண்ணெய். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே தடிமன் கேஸ்கெட்டை வைத்து ஹெட்டை முடுக்குங்கள். கேம் டைமிங்கைச் சரியாக வைத்து, ஸ்பேனரால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது தட்டினால் பலம் போடாமல் நிறுத்துங்கள். பிறகு ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் களிமண்ணில் வால்வின் அச்சு பிறை வடிவில் பதிந்திருக்கும். மிக மெல்லிய இடத்தில் பிளேடால் வெட்டி, வெட்டுமுகத்தின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும், பிஸ்டனும் அதைத் துரத்திக்கொண்டே மேலே வரும். அதனால்தான் அதற்குக் கூடுதல் இடம்.

ஹைட்ராலிக் டேப்பட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பி நிற்கும் துண்டு) உள்ள இன்ஜினில் இந்தச் சோதனை ஏமாற்றும். கையால் சுற்றும்போது டேப்பட் அமுங்கி, இடைவெளி அதிகம் இருப்பதாகக் காட்டும். சோதனைக்கு மட்டும் அமுங்காத டேப்பட் ஒன்றை மாட்டுங்கள்.

பழைய வால்வு ஸ்பிரிங் போதாதா?

பெரும்பாலும் போதாது. முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது, குறைந்தது 1 மி.மீ. மிச்சம் வேண்டும். ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் ரிடெய்னரின் அடிப்பகுதி வால்வு சீலில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். அங்கேயும் அதே அளவு இடம் தேவை. ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் அதிக ஆர்பிஎம்மில் வால்வு லோபைப் பின்தொடராமல் மிதக்கும். ரேஸில் பிஸ்டனும் வால்வும் சந்திப்பது இப்படித்தான்.

டைமிங் பெல்ட்டைக் குறிக்குக் குறி வைத்து மாட்டினால் போதாதா? டிகிரி வீல் எதற்கு?

கம்பெனி கேமுக்குப் போதும். அரைத்த கேமுக்கும், சீவிய ஹெட்டுக்கும் போதாது. ஹெட்டைச் சீவினால் கேமுக்கும் கிராங்க்குக்கும் உள்ள தூரம் குறைந்து, டைமிங் கொஞ்சம் பின்தங்கும். பெல்ட்டை ஒரு பல் நகர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது. கிராங்க் புல்லியில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. உங்களுக்கு வேண்டியதோ இரண்டு, மூன்று டிகிரி. வெர்னியர் புல்லி (கேமைச் சிறிது சிறிதாக நகர்த்த), டிகிரி வீல் (கிராங்க்கின் கோணம் பார்க்க), டயல் கேஜ் (லிஃப்ட்டை அளக்க), பிஸ்டன் ஸ்டாப் (மேல் உச்சியைக் கண்டுபிடிக்க) ஆகிய நான்கும் வேண்டும். கடைசி மூன்றையும் யாரிடமாவது இரவல் வாங்கலாம். கேமை முன்னே தள்ளினால் கீழே இழுவை கூடும், பின்னே தள்ளினால் மேலே பவர் கூடும். முதலில் கார்டில் சொன்ன இடத்திலேயே வையுங்கள்.

கேம் மாட்டியதும் முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

ரோலர் இல்லாத தட்டை டேப்பட் என்றால் ஐட்லிங்கில் விடவே கூடாது. ஸ்டார்ட் ஆனதும் 2000–2500 ஆர்பிஎம்மில் ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். லோபுக்கு எண்ணெய் தெறித்துப் போவது அந்த வேகத்தில்தான். துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள ஆயில் அவசியம். அதற்கு முன்பே இசியுவில் ஒரு நம்பகமான மேப் (பெட்ரோல், பொறி அளவுகளின் அட்டவணை) ஏறியிருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாமல் பத்து நிமிடம் செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தால், லோபில் பூசிய பேஸ்ட் எல்லாம் அதிலேயே வழிந்துவிடும்.

ஒரிஜினல் இசியுவிலேயே ஓட்டலாமா?

ஸ்போர்ட் மாடல் கேம், லேசான ரீகிரைண்ட் என்றால் ஓடும். பெரிய கேமில் மூன்று இடத்தில் அது தடுமாறும்.

முதலாவது, ஐட்லிங்கில் மேனிஃபோல்டு அழுத்தம். சாதாரண கேமில் 30–35 கிலோபாஸ்கலில் நிலையாக நிற்பது, பெரிய கேமில் 50-க்கு மேல் போய் ஆடிக்கொண்டே இருக்கும். இன்ஜின் லோடில் இருப்பதாக நினைத்து இசியு பெட்ரோலைக் கூட்டும். இரண்டாவது, காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார் இருந்தால், திரும்பி வரும் காற்றையும் அது சேர்த்து எண்ணிவிடும். மூன்றாவதுதான் பலரைக் குழப்புவது: ஓவர்லாப் நேரத்தில் எரியாத காற்று நேராக எக்ஸாஸ்ட்டுக்குப் போகிறது. ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து லீன் (பெட்ரோல் போதவில்லை) என்கிறது. இசியு பெட்ரோலை ஊற்றுகிறது. பின்னால் நின்றால் கண் எரியும், ஸ்பார்க் பிளக் கறுத்துப்போகும், ஸ்கேனரோ இன்னும் லீன் என்றே காட்டும். ஐட்லிங்கில் ஆக்ஸிஜன் சென்சார் திருத்தத்தை அணைப்பதுதான் மருந்து.

அணைக்க வழியுள்ள ஒரிஜினல் இசியுவாக இருந்தால் அதிலேயே இருங்கள். 1992–95 ஹோண்டா சிவிக்கில் வந்த பி28 இசியு இதற்கு நல்ல உதாரணம். சாக்கெட் வைத்து சிப்பை மாற்றி மேப்பைத் திருத்தலாம். உங்கள் கார் இசியுவுக்கு அப்படி மென்பொருள் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் புதிதாக வாங்க வேண்டும். சாவியை அடையாளம் கண்டால் மட்டும் ஸ்டார்ட் ஆகவிடும் இம்மொபிலைசர் உள்ள கார் என்றால், சாவி ரீடரையும் சேர்த்தே காருக்குள் வைத்திருக்க வேண்டும், அல்லது மென்பொருளில் அதை நீக்க வேண்டும்.

தனி இசியு என்றால் மலிவில் எது?

புரூஸ் போலிங்கும் ஆல் கிரிப்போவும் தொடங்கிய மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ மெகாவை மூளையாக வைத்த ஸ்பீடுயினோ, ரஸ்ஈஎஃப்ஐ ஆகியவை பலர் ஓட்டிப் பார்த்தவை. மூன்றையும் டியூனர்ஸ்டூடியோ மென்பொருளில் திருத்தலாம். எது வேண்டுமானாலும் எடுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பயன்படுத்தும் இசியுவாக இருந்தால் இன்னும் நல்லது. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டார்ட் ஆகாதபோது அவர்தான் கைகொடுப்பார்.

மேப் சென்சாரா, த்ராட்டில் சென்சாரா? எதை நம்பி ஓட்டுவது?

நடுத்தரக் கேமும் ஒரே த்ராட்டில் பாடியும் இருந்தால், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் போதும். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் வைத்தவர்களும், மேனிஃபோல்டு அழுத்தம் அடங்கவே அடங்காத கேம் போட்டவர்களும் த்ராட்டில் கோணத்தை வைத்துக் கணக்கிடும் ஆல்ஃபா-என் முறைக்குப் போக வேண்டியிருக்கும்.

ட்ரிகர் வீலும் கிராங்க் சென்சாரும் ஏன் இவ்வளவு தொல்லை கொடுக்கின்றன?

இசியுவுக்குக் கண் அதுதான். 36-1 (36 பல்லில் ஒன்று இல்லாதது) அல்லது 60-2 (60-இல் இரண்டு இல்லாதது) பல் வீல் கிராங்க்கில் இருந்தால் வேலை சுலபம். காணாமல் போன பல்லைப் பார்த்து இசியு கிராங்க்கின் இடத்தைக் கண்டுகொள்ளும். இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் பொறி விடும் வேஸ்டட் ஸ்பார்க் முறையில் கேம் சென்சார்கூட வேண்டாம்.

இரண்டு வயர் காந்த சென்சாரில் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால், இன்ஜின் ஓடும், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற பொறி விடும் டைமிங் நகர்ந்துகொண்டே போகும். இதைப் பிடிக்க ஒரே வழி டைமிங் லைட். இசியுவில் 10 டிகிரி என்று பூட்டிவையுங்கள். ஐட்லிங்கிலும் 4000-இலும் புல்லியில் அதே 10 தெரிய வேண்டும். தெரியாதவரை டியூனிங்கைத் தொடாதீர்கள்; லேப்டாப் திரையில் காட்டும் டைமிங் இசியுவின் நம்பிக்கை மட்டுமே. சென்சார் வயரை ஷீல்டு கேபிளில், இக்னிஷன் வயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

வேறு வருட மாடலின் கேமை வாங்கும்போது கேம் சென்சாரின் பல் அமைப்பையும் ஒப்பிடுங்கள். கிராங்க் வீலிலும் இதே கதைதான்: ஜிஎம் எல்எஸ் வி8-இல் பழைய தலைமுறையின் கிராங்க் வீல் 24 அடையாளம், பிந்தையது 58. இரண்டையும் கலந்தால் ஒரிஜினல் இசியு ஒன்றையும் புரிந்துகொள்ளாது.

வேரியபிள் வால்வு டைமிங் உள்ள இன்ஜின் என்றால்?

கேமை முன்னும் பின்னும் நகர்த்தும் ஃபேஸர் இருந்தால், களிமண் சோதனையை அதன் இரு எல்லையிலும் செய்ய வேண்டும். இடம் போதவில்லையென்றால் ஃபேஸருக்குள் லிமிட்டர் வைத்து நகரும் தூரத்தைக் குறையுங்கள், அல்லது ஓரிடத்தில் பூட்டிவிடுங்கள். இசியுவில் எண்ணை மாற்றி வைப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

பழைய இன்ஜெக்டர் போதுமா?

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். டர்போ இல்லாத இன்ஜினில் ஒரு குதிரைசக்திக்கு நிமிடத்துக்கு சுமார் 5.25 சிசி பெட்ரோல். 150 குதிரைசக்தி என்றால் 787 சிசி. நான்கால் வகுத்தால் 197. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 0.85-ஆல் வகுங்கள்: 232 சிசி. கொஞ்சம்தான் குறைகிறது என்றால் எரிபொருள் அழுத்தத்தை 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினால் 15 சதவீதம் கூடுதலாகப் பாயும். பம்ப் தாங்குமா என்று பாருங்கள்.

வேறு காரின் இன்ஜெக்டரை மாட்டும்போது மீட்டரால் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். 12–16 ஓம் என்றால் நேராக மாட்டலாம். 2–4 ஓம் என்றால் ரெசிஸ்டர் வைக்காமல் மாட்டினால் இசியுவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் மின்சுற்று எரியும்.

டியூனிங்கை எங்கிருந்து தொடங்குவது?

காற்று–பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரிலிருந்து. பாஷ் எல்எஸ்யு 4.9 வைத்த எந்தக் கருவியும் போதும். கையில் இருக்கும் பணத்துக்கு கேமா வைட்பேண்டா என்று வந்தால் வைட்பேண்டை வாங்குங்கள். கேம் அடுத்த சீசனுக்குக் காத்திருக்கும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலும், ஒரு சிலிண்டரில் மிஸ்ஃபயர் ஆனாலும் அது லீன் என்று பொய் சொல்லும். அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டுவதற்கு முன் பிளக்கையும் கேஸ்கெட்டையும் பாருங்கள். ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் சென்சாரை எக்ஸாஸ்ட்டில் விட்டு ஓட்டினால் அது கெட்டுவிடும்.

முழு த்ராட்டிலில் காற்று–பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13 வரை வையுங்கள். இக்னிஷன் டைமிங்கில் கம்பெனி மேப்பிலிருந்து சில டிகிரி குறைத்துத் தொடங்கி, இரண்டிரண்டாக ஏற்றுங்கள். ஏற்றியும் வேகம் கூடவில்லையென்றால் அங்கேயே நிறுத்தி ஒரு படி இறங்குங்கள். ஐட்லிங்கில் பெரிய கேம் 15 முதல் 20 டிகிரி வரை கேட்கும். ஆர்பிஎம்மையும் 1000–1200-க்கு ஏற்றிவிடுங்கள். நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) சத்தம் ரேஸ் காருக்குள் கேட்காது. டார்க் உச்சத்தில் இருக்கும் ஆர்பிஎம்மில்தான் அது முதலில் வரும். அந்த இடத்தில் மட்டும் பேராசை வேண்டாம்.

கேம் போட்ட பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது.

வேக்குவம் குறைந்ததால் பிரேக் பூஸ்டர் உதவவில்லை. ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் செக் வால்வோடு ஒரு வேக்குவம் டேங்க் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். இதைச் சரிசெய்யாமல் சர்க்யூட்டுக்குப் போகாதீர்கள்.

ரேஸ் நடுவே நின்றுபோகாமல் இருக்க வயரிங்கில் என்ன பார்ப்பது?

இசியு எர்த்தை நேராக இன்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் சேருங்கள். சென்சார்களின் எர்த் இசியுவுக்கே திரும்ப வேண்டும், பாடியில் எங்காவது முடுக்கக் கூடாது. இணைப்புகளைச் சரியான கிரிம்ப்பில் செய்து, அதிர்வு தாங்கும்படி பக்கத்திலேயே கட்டிவிடுங்கள். மெயின் கில் ஸ்விட்ச் பேட்டரியை மட்டும் துண்டித்தால், ஆல்டர்னேட்டர் கொடுக்கும் கரண்டிலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டரையும் சேர்த்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்சாக வாங்கி, இன்ஜின் ஓடும்போதே அணைத்துச் சோதியுங்கள்.

ரெவ் லிமிட் (ஆர்பிஎம்மின் உச்சவரம்பு) எங்கே வைப்பது?

கேம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். கீழே இருக்கும் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்குவதை வைத்து முடிவு செய்யுங்கள். 86 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில் 7000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர். கம்பெனி ராடும் போல்ட்டும் இருக்கிற பழைய இன்ஜினை நீண்ட ரேஸில் அதைத் தாண்டவிடாதீர்கள்.

நான்கிலிருந்து மூன்றுக்குப் போக வேண்டியவர் தவறி முதல் கியரைப் போட்டுவிட்டால் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. சக்கரங்களே இன்ஜினைச் சுற்றிவிடும். அதனால் இசியு லாகில் அதிகபட்ச ஆர்பிஎம் எப்போதும் பதிவாகட்டும். ஒவ்வொரு டிரைவரும் இறங்கியதும் அந்த எண்ணைப் பாருங்கள். லிமிட்டைத் தாண்டியிருந்தால் அடுத்தவரை ஏற்றுவதற்கு முன் கம்ப்ரெஷன் கேஜை மாட்டி நான்கு சிலிண்டரையும் பார்த்துவிடுங்கள்.